குரல் மாறிய நேரம்

முருகேஸ்வரிக்கு அந்த ஆஸ்பத்திரியில் பிடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்துகொண்டது பலூன்.

புதன்கிழமை காலை டூட்டிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது, வரவேற்பறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு பேனர். ‘நோயாளியின் பாதுகாப்பே நம் மூச்சு. குழுவாய் இணைவோம், மனம்விட்டுப் பேசுவோம்.’ இடது மூலையில் ஆஸ்பத்திரியைக் கட்டிய பட்டாசு முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார். வலது மூலையில் கண்காணிப்பாளர் டாக்டர் லட்சுமிகாந்தம் கைகட்டி நின்றார். நடுவில் எந்த ஊர்க்காரியோ ஒரு வெள்ளைக்காரி ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு சிரித்தாள். நோயாளிக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில் நூறு படுக்கைகளோடு நிற்கும் தனியார் ஆஸ்பத்திரி அது. முருகேஸ்வரி அங்கே தீக்காய வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். பன்னிரண்டு வருஷ அனுபவம். வெந்த தோலைப் பார்த்தே எத்தனை நாளில் ஆறும், எது ஆறாது என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமையைவிட, எதையும் எகத்தாளமாகப் பேசுகிற அவளுடைய வாய்தான் ஆஸ்பத்திரியில் பிரபலம்.

ஆறு மாதமாக முதலாளிக்குத் தரச்சான்றிதழ் மோகம் பிடித்திருந்தது. சான்றிதழ் கிடைத்தால் காப்பீட்டுக் கம்பெனிகள் தேடி வருமாம். அதிலிருந்து வார்டுக்கு மருந்து வருகிறதோ இல்லையோ, போஸ்டர் வந்தது. கை கழுவும் ஏழு படிநிலைகளைப் படம் போட்டு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் இருந்த குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது. அதைச் சொல்லப் போனவளிடம், "போஸ்டர் கண்ணுக்குத் தெரியுதா சிஸ்டர்? ஆய்வுக்கு வர்றவங்க அதைத்தான் பாப்பாங்க" என்றாள் நிர்வாகப் பிரிவின் சினேகா. அன்று முதல் முருகேஸ்வரி அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் கை கழுவுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இன்றைக்கு அதன் உச்சம். சென்னையிலிருந்து பயிற்சியாளர் வந்திருந்தார். காலை பத்து மணியிலிருந்து நான்காவது மாடி ஹாலில் எல்லா டாக்டர்களும் நர்ஸ்களும் அலுவலக ஊழியர்களும் கூடி, எப்படி ஒருவரோடு ஒருவர் பேசுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும். வார்டுக்கு ஒரு நர்ஸ், ஒரு துப்புரவுப் பணியாளர் மட்டும் கீழே இருந்தால் போதும் என்று சுற்றறிக்கை. தீக்காய வார்டில் இருக்க முருகேஸ்வரி தானே முன்வந்தாள். ஹாலில் போய் யாரோடும் முதுகு ஒட்டிப் பலூன் பிடிக்க அவளுக்கு இஷ்டமில்லை.

எட்டரை மணிக்கு மாரித்தாயைக் கொண்டுவந்தார்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பேன்சி ரகப் பட்டாசு யூனிட். காலை முதல் வேலையாக வெடிமருந்து கலக்கிய அறையில் தீப்பிடித்திருக்கிறது. மாரித்தாய் கலக்குகிறவள் இல்லை. கலந்த மருந்தை வாங்கிக்கொண்டு போக உள்ளே வந்தவள். கதவுப்பக்கம் நின்றதால் உயிர் தப்பினாள். ஆனால் புகை மண்டிய அறைக்குள் கதவைத் தேடி இரண்டு நிமிஷம் தடவியிருக்கிறாள். முகம், கழுத்து, இரண்டு கைகள். இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்று முருகேஸ்வரி கணக்கிட்டாள். நாற்பத்திரண்டு வயது, விஸ்வநத்தத்துக்காரி.

அந்த வேதனையிலும் அவள் கணீரென்று பேசினாள்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டாகளா? லோடு ஏத்திக்கிட்டுக் காரியாபட்டிக்குப் போயிருக்காரு. வண்டி ஓட்டையில விஷயத்தப் பட்டுன்னு சொல்லிறாதீக, ஓரமா நிப்பாட்டச் சொல்லிட்டுச் சொல்லுங்க. கால்ல மெட்டி கெடக்கு, அதக் கழட்டிறாதீக."

"மெட்டி கால்லயே கெடக்கட்டும். நீ பேசாமப் படு."

டூட்டி டாக்டர் அழகுராஜா வந்து பார்த்தார். படித்து முடித்து ஒரு வருஷமாகியிருந்த இளைஞர். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், வலிக்கு ஊசி எழுதினார், முகத்துக்கு ஆக்ஸிஜன் மாட்டச் சொன்னார். கைகள் வெந்திருந்ததால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியைக் கால்விரலில் மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு காட்டியது. அழகுராஜாவுக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கவில்லை. மூக்கு முடி கருகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதற்குள் சினேகாவிடமிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. முதலாளி குத்துவிளக்கேற்ற வந்துவிட்டாராம், முன்வரிசையில் டாக்டர்கள் போதவில்லையாம்.

"சிஸ்டர், ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார்.

பத்தே கால் இருக்கும். முருகேஸ்வரி மருந்துகளைச் சரிபார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலை பார்க்கும் பாண்டிலட்சுமி, மாரித்தாய் துப்பிய கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முருகேஸ்வரியைவிடப் பத்து வயது மூத்தவள். நான்கு வருஷமாக அந்த வார்டில்தான் வேலை.

"சிஸ்டர், இங்கன பாருங்க. கோழை கரியா வருது. அந்தம்மா குரலும் மாறிருச்சு. வந்தப்ப மணி மாதிரிப் பேசுச்சு, இப்பத் தொண்ட கட்டுன மாதிரி இருக்கு."

முருகேஸ்வரி நிமிரவில்லை. "பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குறவ துப்புனா கரி வராம வெண்ணெயா வரும்? தொண்ணூத்தெட்டு காட்டுது, நல்லாத்தான் இருக்கா. நீ கழுவி வச்சிட்டுத் தரையத் தொட."

"இல்ல சிஸ்டர், அந்தக் குரலு..."

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா? நானே இங்க ஒத்தையில கெடந்து அல்லாடுறேன்."

பாண்டிலட்சுமி கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

பத்து ஐம்பதுக்குக் குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற முருகேஸ்வரி கட்டிலருகே போனாள். மாரித்தாய் படுத்திருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கைகளைத் தொடையில் ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் காலையில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. மூச்சை இழுக்கும்போது ஓட்டை வழியே காற்று நுழைவதுபோல் கீச்சென்று ஒரு சத்தம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

கருவி அப்போதும் தொண்ணூற்றாறு காட்டிக்கொண்டிருந்தது.

முருகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. சூடான புகையை இழுத்த தொண்டை உள்ளே வீங்குகிறது. வழி முழுக்க அடைபடுவதற்குள் குழாய் செருகியாக வேண்டும். பாடத்தில் படித்தது, எத்தனையோ முறை கண்ணால் பார்த்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அதைத்தான் ஒருத்தி கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வந்து காட்டினாள்.

அழகுராஜாவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மயக்க மருந்து டாக்டர் பிரீத்திகாவுக்கு அடித்தாள், கண்காணிப்பாளருக்கு அடித்தாள். எல்லாப் போனும் அடித்து ஓய்ந்தன. ஹாலுக்கு உள்தொடர்பு எண் இருந்தது. அதை எடுத்தவன் மைக்செட் போட வந்தவன். "மேடம், உள்ள ஏதோ கண்ணை மூடி உக்காந்திருக்காங்க, இப்பக் கூப்பிட முடியாது" என்று வைத்துவிட்டான்.

"பாண்டிலட்சுமி! மேல ஓடு. பிரீத்திகா டாக்டரக் கையோட கூட்டிட்டு வா. மூச்சுத் திணறுதுன்னு சொல்லு."

அவள் ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். முகம் சிறுத்திருந்தது.

"கதவுக்கிட்டயே சினேகா மேடம் நிறுத்திட்டாக சிஸ்டர். துப்புரவுக்காரவுகளுக்கு மத்தியானந்தான் கிளாஸாம், இப்ப உள்ள வரக் கூடாதாம். மூச்சுத் திணறுதுன்னு சொன்னேன். சரி, பிரேக்ல சொல்றேன்னாக."

முருகேஸ்வரி ஒரு நொடி கட்டிலைப் பார்த்தாள், ஒரு நொடி கதவைப் பார்த்தாள். வார்டை விட்டு நர்ஸ் நகரக் கூடாது. நகராவிட்டால் இவள் செத்துப்போவாள்.

"நீ இவகூடவே நில்லு. படுக்க விடாத, உக்காந்தபடியே இருக்கட்டும். மாஸ்க் நழுவாமப் பிடிச்சுக்க." சொல்லிவிட்டு நான்கு மாடியையும் படியேறி ஓடினாள்.

ஹால் கதவருகே ஒரு மேசை. மேசைமேல் ரோஜாப்பூ ஒட்டிய பிளாஸ்டிக் கூடை. கூடை நிறையச் செல்போன்கள், ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் கண்சிமிட்டிக்கொண்டு. ‘கவனச் சிதறல் இல்லாமல் கேட்போம்’ என்று கூடையில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். சினேகா எழுந்து மறிக்கும் முன் முருகேஸ்வரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே நாற்பது பேர் இரண்டிரண்டு பேராக, செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு பலூன். வெடிக்காமல் ஹாலின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். டாக்டர் லட்சுமிகாந்தம் மட்டும் முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்து, பெரிய மனது பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், தீக்காய வார்டு மாரித்தாய்க்குத் தொண்ட வீங்கி மூச்சு அடைக்குது. உடனே குழா போடணும், வாங்க!"

பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. அடுத்து ஒரு நர்ஸ் வந்து டாக்டரை அழைப்பதுபோல் நடித்துக் காட்டுகிற கட்டம் இருந்ததாம். அதற்குத்தான் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

"எக்ஸலன்ட்! பாருங்க, இதைத்தான் அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன். பேஷன்ட் யாரு, பிரச்சினை என்ன, என்ன செய்யணும், மூணையும் பளிச்சுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சிஸ்டருக்கு ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். முருகேஸ்வரி வாழ்க்கையில் வாங்கிய ஒரே கைதட்டு அதுதான்.

"நடிப்பு இல்லய்யா இது!" அவள் குரல் ஹாலில் கீறிக்கொண்டு போனது. "அங்கன ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா!"

கைதட்டு அங்கங்கே அறுந்து நின்றது. லட்சுமிகாந்தத்தின் சிரிப்பு மறைந்து எரிச்சல் வந்தது. "என்ன சிஸ்டர், வெளியாள் முன்னாடி இப்படியா கத்துறது? அழகுராஜா, நீங்க பாத்துட்டுத்தானே வந்தீங்க?"

"பாத்தேன் சார். சாச்சுரேஷன் தொண்ணூத்தெட்டு."

"அப்புறம் என்ன? பத்து நிமிஷத்துல டீ பிரேக் வந்துரும்..."

கடைசி வரிசையிலிருந்து டாக்டர் பிரீத்திகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "குரல் எப்படி இருக்கு சிஸ்டர்?"

"குரலே இல்ல டாக்டர்."

பிரீத்திகா முதுகை எடுத்தாள். அவளோடு ஒட்டி நின்ற கணக்குப்பிள்ளை தடுமாறினார். பலூன் கீழே விழுந்து யார் காலிலோ மிதிபட்டு வெடித்தது. பட்டாசு ஊர்க்காரர்கள் நாற்பது பேரும் ஒருசேரத் துள்ளினார்கள். பிரீத்திகா அதற்குள் வெறுங்காலோடு கதவைத் தாண்டியிருந்தாள்.

கீழே பாண்டிலட்சுமி, மாரித்தாயின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துத் தாங்கிக்கொண்டு, "இந்தா வந்துட்டாக தாயி, இழு, மூச்ச இழு" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாரித்தாயின் கண்கள் பிதுங்கியிருந்தன. பிரீத்திகா முதல் முறை குழாயைச் செருகப் பார்த்தாள். வழி தெரியவில்லை, எல்லாம் வீங்கிச் சதையாக மூடியிருந்தது. அதைவிடச் சிறிய குழாய் கேட்டாள். அதுவும் போகவில்லை. கருவியில் எண் இப்போதுதான் விழித்துக்கொண்டு இறங்கியது. எண்பது. எழுபத்திரண்டு.

"என்னால முடியல. கழுத்துல திறக்கணும். சர்ஜன் வேணும்" என்று பிரீத்திகா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஆஸ்பத்திரியின் சர்ஜனும் லட்சுமிகாந்தம்தான், அவர் வாசலில் நின்றார். மனிதர் எப்படியோ இறங்கி வந்துவிட்டிருந்தார். அவரைப் பற்றி முருகேஸ்வரிக்கு நல்ல அபிப்பிராயம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கையுறை மாட்டியதும் அவர் வேறு ஆளாகிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். "பிளேடு" என்றார். "பிளேடு" என்று முருகேஸ்வரி திருப்பிச் சொல்லிக் கொடுத்தாள். கட்டிலுக்கு மேலே விளக்கு எட்டவில்லை. பாண்டிலட்சுமி கேட்காமலே தன் போன் டார்ச்சைக் கழுத்துக்கு நேராகப் பிடித்தாள். அவள் போன் கூடைக்குப் போகவில்லை. ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. கழுத்தில் ஒரு சின்னத் திறப்பு, அதில் ஒரு குழாய், புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம். எண் மெல்ல ஏறியது. யாரும் யாரையும் பாராட்டவில்லை, கைதட்டவும் இல்லை.

மாரித்தாய் பிழைத்துக்கொண்டாள். கழுத்தில் ஓட்டையோடு பிழைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் வாய் வழியாகவே குழாய் போட்டிருக்கலாம், கழுத்தை வெட்டியிருக்க வேண்டாம் என்று பிரீத்திகா அன்று சாயங்காலம் கை கழுவிக்கொண்டே சொன்னாள். யாரையும் குற்றம் சாட்டுகிற தொனி அதில் இல்லை. முருகேஸ்வரிக்கு அதுதான் சுருக்கென்றது.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. பணி நேரத்தில் வார்டை விட்டு வெளியேறியதற்கும், பயிற்சியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கும் இருபத்துநான்கு மணி நேரத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

மெமோவுக்குப் பின்னாலேயே அழகுராஜா வந்தார். மருந்து அறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சிஸ்டர், உங்க குறிப்புல நேரம் எழுதலைன்னு பாத்தேன். பதினொண்ணு அஞ்சுக்குத்தான் மூச்சு மாறுச்சுன்னு போட்டுருங்களேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாருக்கும் லேட்டு ஆகாது."

"ஏன் டாக்டர், அவளுக்குக் கழுத்துல ஓட்டை விழுந்தது எந்த மணிக்குன்னு போடட்டும்?"

அவர் முகம் சிவந்து வெளியேறினார். அவரைத் துரத்தியதில் முருகேஸ்வரிக்குக் கொஞ்ச நேரம் திருப்தியாக இருந்தது. பேனாவை எடுத்துக் காகிதத்தின் முன் உட்கார்ந்ததும் அது போய்விட்டது. கூடையைப் பற்றி எழுதுவது சுலபம். சினேகாவைப் பற்றி, அழகுராஜாவைப் பற்றி, கைதட்டைப் பற்றி எழுத அவளுக்கு வார்த்தைகள் கொட்டின. வாசித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் குரல் மாறிய நேரம் என்று ஒன்று எழுத வேண்டும். அது பத்து ஐம்பது இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெண்ணெயா வரும் என்று கேட்டவள் அவள்தான். சினேகா கதவில் நின்று செய்ததை, முருகேஸ்வரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே செய்திருந்தாள். சினேகாவாவது ‘பிரேக்ல சொல்றேன்’ என்று மரியாதையாகச் சொன்னாள்.

எழுதினாள். "பத்து இருபதுக்குத் துப்புரவுப் பணியாளர் பாண்டிலட்சுமி, நோயாளியின் கோழையில் கரி வருவதையும் குரல் மாறியதையும் என்னிடம் தெரிவித்தார். நான் பொருட்படுத்தவில்லை. பத்து ஐம்பதுக்கு நானே பார்த்தேன். டாக்டர்களின் செல்போன்கள் கூடையில் இருந்ததால் யாரையும் அழைக்க முடியவில்லை. பாண்டிலட்சுமியை ஹாலுக்குள் விடவில்லை. பதினொன்று பத்துக்கு டாக்டர் வந்தார்." கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக் குழு கூடியது. லட்சுமிகாந்தம், சினேகா, இரண்டு மேலாளர்கள். அவள் எழுதியதைச் சினேகா சத்தமாக வாசித்தாள். முதல் இரண்டு வரி முடிந்ததும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்றார் லட்சுமிகாந்தம். "இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம்."

வெளிப்படைத்தன்மை முதல் இரண்டு வரியோடு நின்றுபோனது. மிச்ச வரிகள் கோப்பில் ஏறவே இல்லை. மூலக்காரணம்: செவிலியரின் கவனக்குறைவு. நடவடிக்கை: வெளிநோயாளர் பிரிவில் ஊசி போடும் அறைக்கு மாற்றம். இதோடு முடிந்திருந்தால் முருகேஸ்வரி வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் பாண்டிலட்சுமியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நர்ஸ் கேட்கவில்லை என்றால் நேராக டாக்டரிடம் ஏன் போய்ச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். கதவில் மறித்த அதே சினேகா, அதே வாயால் கேட்டாள்.

பாண்டிலட்சுமி ஊசி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது, கோபத்தில்.

"எம் பேரை எதுக்குச் சிஸ்டர் எழுதுனீக? நான் கேட்டனா? இப்ப மூணு நாளு வேலைக்கு வராதன்னுட்டாக. நீங்க நல்லவுகன்னு காட்டிக்கிறதுக்கு நாந்தான் கெடச்சேனா?"

முருகேஸ்வரி கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள். "மன்னிச்சிரு அக்கா" என்றாள். பாண்டிலட்சுமி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள் மாரித்தாயின் புருஷன் சின்னச்சாமி ஊசி அறை வாசலில் வந்து நின்றான். குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ஒடிசலான ஆள். அதிர்ந்து பேசாதவன்.

"சிஸ்டர், ஒரு விவரம் கேக்கணும். அன்னைக்குக் காலையில இங்கயிருந்து எம் பொண்டாட்டி போன்ல எங்கிட்டப் பேசுச்சு. பயப்படாதீக, பையப் பாத்து வண்டிய ஓட்டிட்டு வாங்கன்னுச்சு. நான் வந்து சேரையில கழுத்துல குழா கெடக்கு. வெடியில அப்படி ஆயிருச்சுன்னு பெரிய டாக்டர் சொல்றாரு. வெடியிலயா ஆச்சு?"

இல்லை என்று சொன்னால் வேலை போகும். ஆமாம் என்று சொன்னால் இந்த ஆள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். முருகேஸ்வரி அவனைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனாள். மாரித்தாய் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம், வெண்ணெய், கூடை, கதவு, கைதட்டு, எதையும் விடவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மாரித்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கட்டுப்போட்ட கையின் ஓரத்தால் கழுத்துக் குழாயை மூடிக்கொண்டாள். மூடினால்தான் பேச்சு வரும். வந்தது பேச்சில்லை, ஒரு கரகரப்பு.

"வெண்ணெயா வரும்னு கேட்டது எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

மாரித்தாய் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூடினாள். "இத இன்னொரு இடத்துல சொல்லச் சொன்னா, சொல்வீகளா?"

"சொல்வேன்."

திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் சின்னச்சாமி மனுக் கொடுத்தான். முருகேஸ்வரி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஆளைப் பார்த்தால், டாக்டர் பிரீத்திகா. "நானும் எழுதிட்டு வந்திருக்கேன்" என்று ஒரு கவரைக் காட்டினாள்.

மூன்று வாரம் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயதானவர், அவசரப்படாதவர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். லட்சுமிகாந்தம் தரமேம்பாட்டுக் கோப்புகளை அடுக்கிக் காட்டினார். சினேகா பயிற்சியின் புகைப்படங்களைக் காட்டினாள். அதிகாரி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டார். முருகேஸ்வரியும் அதே அறையில் இருந்தாள்.

"நாற்காலியில உக்காருங்கம்மா. அந்தக் குரல் மாறுனது ஆபத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பாண்டிலட்சுமி உட்காரவில்லை. "நான் இங்க வாரதுக்கு முந்திப் பதினோரு வருஷம் பட்டாசுலதான் சார் கெடந்தேன். எங்க நாத்தனா, எங்கூட ஒரே ரூம்ல வேல பாத்தவ. வெடியில மேலுக்கு ஒண்ணும் பெருசா ஆகல. நல்லாப் பேசிக்கிட்டுத்தான் ஆட்டோவுல வந்தா. வழியில கோழை கருப்பாத் துப்புனா. குரலு கம்முச்சு. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரையில, எம் மடியிலயே போயிட்டா." அவள் நிறுத்தினாள். "அந்தக் குரலு எனக்குத் தெரியும் சார்."

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"தரையத் தொடைக்கிறவகிட்ட யாரு சார் கேக்கா?"

அதிகாரி எழுதிக்கொண்டார். முருகேஸ்வரி நான்கு வருஷத்தைக் கணக்குப் பார்த்தாள். ஒரே வார்டு, ஒரே டீ, ஒரே நோயாளிகள். பாண்டிலட்சுமிக்கு எந்த ஊர், முன்னால் என்ன வேலை பார்த்தாள், ஒன்றும் தெரியாது. ஊரிலுள்ள அத்தனை பேரையும் எள்ளி நகையாட அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. இதைக் கேட்க இல்லை.

பெரிய நியாயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாரித்தாயின் மேல்சிகிச்சையை ஆஸ்பத்திரியே மதுரையில் பார்த்துத் தர வேண்டும் என்று உத்தரவானது. டாக்டர்களின் செல்போனை எக்காரணம் கொண்டும் வாங்கி வைக்கக் கூடாது என்று ஒரு வரி. பாண்டிலட்சுமியின் மூன்று நாள் தண்டனையை ரத்து செய்தார்கள். லட்சுமிகாந்தம் அதே நாற்காலியில் இருந்தார். அழகுராஜா மேல்படிப்புக்குப் போய்விட்டார். தரச்சான்றிதழ் நான்கு மாதம் தள்ளிப்போனது. பிறகு அதுவும் வந்தது. கேக் வெட்டினார்கள்.

முருகேஸ்வரி அந்தக் கேக்கைத் தின்ன அங்கே இல்லை. ஊசி அறையில் இரண்டு மாதம் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்து விலகிவிட்டாள். காரியாபட்டியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. ஒரே டாக்டர், பன்னிரண்டு படுக்கை, பேனர் கிடையாது. வாய் மட்டும் குறையவில்லை. அங்கேயும் எதையாவது நக்கலடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கழுத்து ஓட்டை மூடியதும் மாரித்தாய் ஒருநாள் போன் செய்தாள். குரல் திரும்பியிருந்தது. பழைய கணீர் இல்லை, கொஞ்சம் கட்டைதான். கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை என்றாள். பிரிண்டிங் பிரஸ்ஸில் காலண்டர் கோக்கிற வேலை, கைவிரல் மடங்க மாட்டேன் என்கிறது, மெதுவாகப் பழகுகிறது.

"பாண்டிலட்சுமியக்கா அடிக்கடி வீட்டுக்கு வருது" என்றாள். "ஒங்களப் பத்திப் பேச்சு வந்துச்சு."

"என்ன சொன்னா?"

"திமிரு புடிச்சவன்னுச்சு." கட்டைக் குரல் சிரித்தது. "ஆனா உள்ளத உள்ளபடி எழுதுனா பாருன்னும் சொல்லுச்சு."

வார்டில் தரை துடைக்கும் பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, மூன்றாவது கட்டில் தாத்தா ஒரு மாதிரியாக முழிக்கிறார் என்றாள். முருகேஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ஒரு மாதிரின்னா எப்படிக்கா? வா, நடந்துக்கிட்டே சொல்லு" என்று எழுந்தாள்.